குகைக்குள் இறங்கும் வெயில்

என் மனைவியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது முட்டிவலிதான். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடியின் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். நானோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஊரார் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு வீட்டு லிஃப்டை எழுப்ப வக்கில்லை என்று படி ஏறும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள். அது வேறொரு கம்பெனியின் பொறுப்பு, நான் தொட்டால் சண்டைக்கு வருவார்கள் என்பதெல்லாம் அவள் காதில் ஏறியதே இல்லை. கடைசியில் முட்டி தேய்ந்து, டாக்டர் நீந்தச் சொல்லி, ஐம்பதை நெருங்கும் வயதில் பொது நீச்சல் குளத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். துணைக்குப் போன நானும் கற்றுக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் நல்லவள். குளத்துச் சுவரில் ஆழ்நீர் முக்குளிப்புப் பழக்குவதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. என்னைக் கேட்காமல் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லிஃப்ட் குழியில் தொங்கிக்கொண்டு பிழைப்பது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் குழியா என்று கத்தினேன். அவள் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். அந்தப் பதில் எனக்குத் தெரியும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

ஆனால் முதல்முறை குளத்தின் அடியில் உட்கார்ந்து, வாயில் கடித்த குழாய் வழியாக மூச்சு இழுத்தேன் பாருங்கள். மூச்சு வந்தது! தலைக்கு மேல் தண்ணீர், நுரையீரலுக்குள் காற்று. என் மூச்சு குமிழியாகக் கிளம்பி, பெரிதாகிப் பெரிதாகி மேலே போய் உடைவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழக்கிவிட்ட சீனப் பெண்மணி, என்னை மேலே வரச் சொல்லி இரண்டு முறை தோளில் தட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்மணி ஸ்ரீ கெம்பாங்கானில் முக்குளிப்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எங்கள் வயதுதான் இருக்கும். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நடுவில் எனக்கு ஒரு 'அண்ணே' போடுவார். அவரோடு இரண்டு தடவை கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் போய் வந்தோம். மீனையும் பவளத்தையும் பார்த்து நான் வாயைப் பிளக்க, என் மனைவிக்கு வேறொன்று பிடித்திருந்தது. முகக்கண்ணாடி போட்டுக்கொண்டால் யாருக்குமே ஓரத்தில் இருப்பது தெரியாது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க எல்லோரும் தலையைத் திருப்ப வேண்டும். "அங்க கீழ எல்லாரும் என்னைய மாதிரிதாங்க இருக்காங்க," என்று ஒருநாள் சொன்னாள். அது எதற்காகச் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது போன வருடம். வாசலில் கழற்றி வைத்த செருப்புகளில் தடுக்குவாள். மேசை ஓரத்தில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுவாள். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில், மண்டபத்து விளக்கை அணைத்துப் படம் போட்டபோது, எழுந்து நடந்தவள் தாம்பூலக் கூடையின் மேலேயே காலை வைத்தாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று அத்தனை பேர் முன்னாலும் அதட்டினேன். கண் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டே வரும் நோய். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, நடுவில் மட்டும் ஒரு ஓட்டை மிஞ்சும், அந்த ஓட்டையும் சுருங்கும். எவ்வளவு காலத்தில் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், சொல்ல முடியாது என்றார். மருந்தும் இல்லை. இரத்த வழியில் வருகிற நோய், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று அவள் சட்டென்று சொன்னாள்.

காரில் வீடு திரும்பும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டாள். அவள் அண்ணனுக்கு ஒரே மகள். காஜாங் பக்கம் ஒரு நல்ல இடம் வந்து, பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தைக்குக் கண் போகிறது, அதுவும் இரத்தத்தில் வருவது என்ற ஒரு வார்த்தை காஜாங் வரை போனால் போதும், பேச்சு அங்கேயே நிற்கும். நம்ம சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறும் வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் மறைத்தோம். வெளியே போனால் அவளுக்கு அரை அடி முன்னால் நடப்பேன், படி வந்தால் இருமுவேன். கையைப் பிடிக்க விட மாட்டாள். ஐம்பது வயதில் கையைப் பிடித்துக்கொண்டு போனால் கேள்வி வரும் அல்லவா?

நாங்கள் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்தச் சீனப் பெண்மணி. தண்ணீருக்குள் கூட்டிப் போகிறவரிடம் பொய் சொல்லக்கூடாது. அவர் கேட்டுக்கொண்டார், உச்சுக் கொட்டவில்லை, டாக்டரிடம் ஒரு கடிதம் மட்டும் வாங்கி வரச் சொன்னார். இனி எங்கே போக ஆசை என்று என் மனைவியைக் கேட்டார். அவள் யோசிக்க, அவரே தன் கைபேசியில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். ஈப்போ பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் அடியில் ஈயம் தோண்டியெடுத்த பழைய குட்டை, இப்போது நல்ல தண்ணீர். குட்டையின் ஓரத்தில் குன்றுக்குள் போகும் குகை, பாதிக்கு மேல் தண்ணீருக்கடியில். உள்ளே போனால் ஒரு பெரிய கூடம். அதன் கூரையில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக வெயில் தண்ணீருக்குள் இறங்கி, தரை வரை நேராக நின்றது. என் மனைவி கைபேசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"இத நான் பாத்துரணுங்க," என்றாள். முப்பது வருடத்தில் அவள் இப்படி எதையும் கேட்டதில்லை.

அங்கே ஒரு சங்கடம் இருந்தது. அந்த வெயில் தினமும் விழாது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் சில வாரங்களில், அதுவும் நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரந்தான் விழும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. அந்த வருடத்துக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அடுத்த வருடம் வெயில் வரும். பார்க்கக் கண் இருக்குமா என்பதை யாரும் சொல்லத் தயாராக இல்லை.

சீனப் பெண்மணி நிபந்தனைகளைச் சொன்னார். குகைவாசலின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் ஒரு அடி போகமாட்டோம். அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு முன்னால் போவார், நாங்கள் கயிற்றை விடாமல் பின்னால். என் மனைவியால் அந்த மங்கலில் கைச்சைகையைப் பார்க்க முடியாது. ஆகவே தொடு சைகை. அவள் கை என் பிடியில் இருக்கும். முன்னால் தள்ளினால் போகலாம், அழுத்திப் பிடித்தால் நிற்க வேண்டும், பின்னால் இழுத்தால் திரும்ப வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் திரும்பலாம். திரும்பியவரை மேலே வந்தபிறகும் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. குகைக்குள் போகிறவர்களின் வழக்கமாம் இது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம் வீடுகளில் பந்தியில் இரண்டாவது தடவை சாம்பார் வேண்டாம் என்றாலே காரணம் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகினோம். முதலில் நான் அவளை நடத்தினேன். பிறகு அவள் என் கண்ணை ஒரு துண்டால் கட்டிவிட்டு என்னை நடத்தினாள். நான் நாற்காலியில் முட்டி, குளிர்பெட்டியில் முட்டி, கடைசியில் சாமி மாடத்திலேயே நெற்றியை இடித்துக்கொண்டேன். அவளோ அந்த இருட்டுக் கூடத்தில் தண்ணீரில் போவதைப் போல வழுக்கிக்கொண்டு போனாள். அன்றுதான், இவள் எத்தனை காலமாக இருட்டில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று என் மரமண்டைக்கு உறைத்தது. துண்டைக் கழற்றாமல் நின்றேன்; அவள் என் கை மேல் கையை வைத்துக் காத்திருந்தாள்.

எல்லாம் சரியாக வந்தது, மச்சானுக்குத் தெரியும் வரை. மச்சான் என்றால் அவள் அண்ணன். கிள்ளானில் இருக்கிறார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போகிறோம் என்று பேச்சுவாக்கில் அவள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். என் சின்னக் காரில் எதற்கு, தன் வேனிலேயே போகலாம், அண்ணியும் வரட்டும், புளிச்சோறு கட்டலாம் என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணன் வேன் இருக்கும்போது தங்கச்சி வேறு வண்டியில் போனால் குடும்ப மானம் என்னாவது? வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருக்கிற ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. மாட்டிக்கொண்டோம்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்ட் கிள்ளானில் லோரி வைத்து, இரவு பகல் பாராமல் ஓட்டியவர். கொஞ்ச வருடத்துக்கு முன் திடீரென்று லோரிகளை விற்று, மளிகைக் கடை போட்டு உட்கார்ந்தார். அதோடு பஞ்சாங்கப் பைத்தியமும் பிடித்தது. அதுவரை நெற்றியில் விபூதி வைக்காத மனுஷன், சூரியனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியைத் தொடுவேன் என்றார். ராகு காலத்தில் ரோட்டில் இருக்கக்கூடாது, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். இருட்டிலேயே கிளம்பலாம் மச்சான், நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். சூரியன் வரட்டும் மாப்ள என்று ஒரே பிடி. பகுத்தறிவெல்லாம் லோரியோடு சேர்த்து விற்றுவிட்டார் என்று என் மனைவியிடம் முணுமுணுத்தேன்.

அப்படியே பளபளவென்று விடிந்த பிறகுதான் கிளம்பினோம். அண்ணி முன்சீட்டில். அவருக்கு ஒரு பழக்கம், வழிநெடுக ரோட்டை ஒப்பித்துக்கொண்டே வருவார். இடப்பக்கம் மோட்டார் வருது, வலது கைப்பக்கம் லோரி ஏறுது, இந்தா இவன் உள்ள விடுறான் என்று வானொலி மாதிரி நிற்காமல் போகும். ஓட்டுகிறவருக்குக் கண் இல்லையா அக்கா என்று கிண்டல் பண்ணினேன். அண்ணி சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

தஞ்சோங் மாலிமில் ஆவியில் வேகவைத்த பாவ் வாங்க நிறுத்தினார்கள். பீடோரில் பிஸ்கோத்து வாங்க நிறுத்தினார்கள். ஒரு கோயில் கோபுரம் கண்ணில் பட, தேங்காய் உடைக்க நிறுத்தினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனைவி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வானம் துடைத்து வைத்தது போல நீலமாக இருந்தது. ஈப்போ நெருங்க நெருங்கக் குன்றுகள் வர ஆரம்பித்தன. தட்டையான நிலத்திலிருந்து திடீரென்று எழும்பி, பச்சை போர்த்தி, வெள்ளைக் கல் தெரிய நிற்கும் குன்றுகள். எத்தனை தடவை பார்த்திருப்பேன். இவற்றுக்குள்ளெல்லாம் ஓட்டையும் கூடமுமாய், தண்ணீர் நிரம்பி, யாரும் பார்க்காமல் கிடக்கிறது என்று நினைத்ததும் மேலெல்லாம் சிலிர்த்தது. கொஞ்ச நேரத்துக்குக் கோபத்தையே மறந்துவிட்டேன்.

அப்போதுதான் மச்சான் குண்டைப் போட்டார். காஜாங் மாப்பிள்ளையின் பெரியம்மா வீடு ஈப்போவில் இருக்கிறதாம். வருகிறோம் என்று சொல்லிவிட்டாராம். பழத்தட்டு பின்னால் இருக்கிறதாம். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு உங்கள் குட்டைக்குப் போகலாம் என்றார். சம்பந்தம் பேசும் வீட்டுக்குள் கால் வைத்தால் சாப்பிடாமல் எழுந்திருக்க முடியுமா? சாப்பாட்டுக்கு நேரம் ஆகும், பேச்சுக்கு அதைவிட ஆகும். வெயில் வந்து, நின்று, போய்விடும்.

அந்த வீட்டுக்குப் போகும் சாலைப் பிரிவு தூரத்தில் தெரிந்தது. மச்சான் சிக்னல் விளக்கைப் போட்டுவிட்டார். சத்தியத்தையெல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு நான் வாயைத் திறக்கப் போனேன். என் மனைவி என் கையை அழுத்திப் பிடித்தாள். நில் என்று அர்த்தம்.

"அண்ணே," என்றாள். "எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்குண்ணே. ராத்திரில ஒண்ணுமே தெரியல. பக்கத்துல வர்றது தெரியல. நடுவுல மட்டுந்தான் தெரியுது, அதுவும் நிக்காதாம். அந்தக் குகையில வெயில் விழுறத இன்னிக்குப் பாத்தாத்தான் உண்டு. அந்த வீட்டுக்கு அப்புறமாப் போவோம்ணே."

வேனுக்குள் சிக்னல் விளக்கின் டிக் டிக் மட்டும் கேட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். நாத்தனாருக்காக ஒருத்தி இவ்வளவு அழுவாளா என்று எனக்கே வியப்பாக இருந்தது. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. சிக்னலை அணைத்துவிட்டு நேரே ஓட்டினார். பிரிவு எங்களைக் கடந்து போனது. மகளின் கல்யாணத்தில் மண் விழுந்ததே என்று மனுஷன் உள்ளுக்குள் வேகிறார் என்று நினைத்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

சீனப் பெண்மணி குட்டைக் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உடுத்திக்கொள்ளுங்கள் என்றார். தண்ணீர் பச்சையாக, அசைவே இல்லாமல் இருந்தது. குன்று அதில் தலைகீழாக நின்றது. காற்று டேங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. மச்சான் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினோம். மேலே வெதுவெதுப்பு, ஓர் ஆள் உயரம் இறங்கியதும் சட்டென்று குளிர். குகை வாய் வந்தது. பெண்மணி கயிற்றைக் கட்டிவிட்டு முன்னால் போனார். நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். முதலில் சுவர் தெரிந்தது, அலையலையாக வழிந்து உறைந்த வெள்ளைக் கல். பிறகு அது மங்கியது. திரும்பிப் பார்த்தால் வாசல் ஒரு பச்சைக் கறையாக இருந்தது. முன்னால் பெண்மணியின் விளக்கு ஒரு புள்ளி. நடுவில் நான் எத்தனையோ லிஃப்ட் குழிகளில் பார்த்த அதே இருட்டு. ஆனால் அங்கே என் தலைக்கு மேல் காற்று இருக்கும். இங்கே கல் இருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. என் மூச்சுச் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது.

பின்னால் இழுத்தால் போதும். திரும்பிவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. என் கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. இழுக்கத்தான் போனேன், இழுக்க முடியாமல் அழுத்தினேன். அவள் நின்றாள். அந்த இருட்டில் அவளுக்கு என் முகம் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனாலும் தன் மறுகையால் தடவி என் கையைக் கண்டுபிடித்து, அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீட்டில் கண்ணைக் கட்டியபோது காத்திருந்த அதே மாதிரி. என் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவள் மூச்சின் தாளத்துக்கு வந்தது. பிறகு அவள்தான் என் கையை முன்னால் தள்ளினாள்.

ஒரு லேசான வளைவு; வாசலின் பச்சை இன்னும் ஓரத்தில் தெரிந்தது. பெண்மணியின் விளக்கு அணைந்தது. அணைத்தது ஏன் என்று கேட்கத் தேவையே இல்லை.

வெயில் நின்றது. வேறெப்படிச் சொல்வது? கூரையிலிருந்து தரை வரை, காயப்போட்ட வெள்ளை வேட்டி போல, ஒரே பாளமாக நேராக நின்றது. அதன் விளிம்பைக் கையால் தொடலாம் போல இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை; நாங்கள் எதன் மேலும் இல்லாமல், எதிலும் தொங்காமல், ஒரு கோயில் மண்டபத்தை விடப் பெரிய வெறுமையில் மிதந்தோம். தூசுகள் அந்த ஒளிக்குள் மெல்ல ஏறி இறங்கின. யார் பார்க்க வேண்டும் என்று இது இங்கே இத்தனை காலமாக விழுந்துகொண்டிருக்கிறது? நாங்கள் வராவிட்டாலும் இன்றைக்கும் விழுந்திருக்கும். நான் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அது சந்தோஷமாகவும் இருந்தது.

என் மனைவி என்னை விட்டு அந்த ஒளிக்குள் போனாள். பெண்மணி ஒரு கை தூரத்தில் அவளோடு போனார். ஒளிக்குள் வந்ததும் தன் இரு கைகளையும் முகத்துக்கு முன்னால் நீட்டி, விரல் விரலாகப் பார்த்தாள். அண்ணாந்து பிளவைப் பார்த்தாள். சுற்றிலும் எங்கும் பார்க்கத் தலையைத் திருப்பவே இல்லை. எனக்குச் சுற்றிலும் இருட்டும் நடுவில் வெளிச்சமுமாக இருந்தது. அவளுக்கு எப்போதுமே அப்படித்தான். அந்த ஒரு இடத்தில், அந்தக் கொஞ்ச நேரம், நாங்கள் இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் சாயத் தொடங்கி, பாளம் மெலிந்து நூலாகும் வரை அவள் அசையவில்லை.

மேலே வந்து என் முகக்கண்ணாடியைக் கழற்றியபோது அதற்குள் தண்ணீர் இருந்தது. குகைத் தண்ணீர் இல்லை அது. கரையில் உட்கார்ந்து ஆறிப்போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மச்சான் அவளுக்குத் தானே அள்ளி அள்ளி வைத்தார். அந்த ஈப்போ வீட்டுக்கும் மரியாதைக்குப் போய், தேநீர் குடித்து, பழத்தட்டைக் கொடுத்துக் கிளம்பினோம். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. தாப்பாவைத் தாண்டியதும் மழை பிடித்து இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் மெதுவாக, மெதுவாக ஓட்டினார். அண்ணியின் ஒப்பிப்பு வேகமாகிக்கொண்டே போனது. நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்று வந்ததும், அண்ணி சொல்லச் சொல்ல மச்சான் உள்ளே திருப்பி, நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இதுக்கு மேல நீங்க ஓட்டுங்க."

களைப்பா மச்சான் என்று கேட்டேன்.

"களைப்பு இல்ல. எனக்கும் அதேதான். நாலு வருஷமாச்சு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. விற்ற லோரிகள். சூரிய நமஸ்காரம். பொழுது சாய்வதற்குள் வீடு. வலது கைப்பக்கம் லோரி ஏறுது. இத்தனை தூரம் இந்த வேனில் நாங்கள் எப்படி வந்தோம் என்று நினைத்தபோது பயம் வந்தது. இத்தனை காலம் இந்த மனுஷன் எப்படி வந்தார் என்று நினைத்தபோது அது அடங்கிப்போனது.

"ஏண்ணே சொல்லல?" என்றாள் என் மனைவி.

"நீ ஏம்மா சொல்லல?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்லவும் தேவையில்லை. ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்காக, அண்ணனும் தங்கச்சியும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு, தனித்தனி இருட்டில் இருந்திருக்கிறார்கள். அண்ணி கண்ணைத் துடைத்தார். முதலில் மகளிடம் சொல்ல வேண்டும், அவளும் கண்ணைக் காட்டட்டும், பிறகு காஜாங்குக்குச் சொல்வோம், மற்றது அவர்கள் பாடு என்றார் மச்சான். குரலில் கோபம் இல்லை. மூட்டையை இறக்கி வைத்தவனின் குரல் அது.

இறங்கினோம். மழை தூறலாகிவிட்டிருந்தது; ஓட்டுமுன் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று கடைப் பக்கம் கிளம்பினோம். வண்டிகள் நிற்கும் இடம் முழுக்க இருட்டு, கடைகளின் வெளிச்சம் எங்கோ தள்ளி. அத்தனை பேர் நடக்கும் இடத்தில் என் மனைவி தானாக என் பக்கம் கையை நீட்டினாள். முப்பது வருடத்தில் முதல் தடவை. நான் பிடித்துக்கொண்டேன். மச்சான் வேன் கதவைப் பிடித்தபடி தயங்கி நின்றார். நான் மறுகையை அவர் பக்கம் நீட்டினேன்.

"தள்ளுனா போகணும்ணே, அழுத்துனா நிக்கணும்," என்று அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உள்ள விழுந்துச்சே அந்த வெயிலு, அது எனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ணே. அது நடுவுலதான் விழுது."

நான் இரண்டு கைகளையும் முன்னால் தள்ளினேன்.